ஃப்ரீயா பார்க்குற அனிமே... பில் யாருக்குப் போகுது?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 8.30 மணி. 'ஒன் பீஸ்' மாங்காவின் புது அத்தியாயம் இந்தியாவில் அதிகாரபூர்வமாக வெளியாகும் நேரம் இதுதான். ஜப்பானில் அப்போதுதான் திங்கட்கிழமை பிறந்திருக்கும். ஆனா, நீங்க ரெடிட்லயோ டெலிகிராம் குரூப்லயோ சுத்துற ஆளா இருந்தா, வியாழக்கிழமையே மொத்த அத்தியாயமும் போனுக்கு வந்திருக்கும். வெள்ளிக்கிழமை மீம் போட்டு, சனிக்கிழமை தியரி பேசி, ஒரிஜினல் வெளியாகும்போது "பழைய நியூஸ் பாஸ்" என்று கடந்து போயிருப்பீங்க.

(மாங்கா என்றதும் உப்பும் மிளகாய்த்தூளும் தேடுறவங்களுக்கு மட்டும்: ஜப்பானிய காமிக்ஸுக்குப் பேர் மாங்கா. அனிமேஷனாக வந்தால் அனிமே.)

அந்த மூணு நாள் இடைவெளி எங்கிருந்து வருது? 'வீக்லி ஷோனென் ஜம்ப்' பத்திரிகை ஜப்பானில் திங்கட்கிழமை கடைக்கு வரும். நாடு முழுக்க ஒரே நாளில் விற்பனைக்கு இருக்கணும்னா, அச்சகத்திலிருந்து பல நாள் முன்னாடியே பண்டல்கள் கிளம்பியாகணும். அந்த வழியில் எங்கேயோ ஒரு பிரதி முன்கூட்டியே ஒருத்தர் கையில் சிக்குகிறது. அவர் போட்டோ எடுக்கிறார். இன்னொருத்தர் மொழிபெயர்க்கிறார், மூணாவது ஆள் ஜப்பானிய எழுத்துகளை அழிக்கிறார், நாலாவது ஆள் அந்த பலூனுக்குள் இங்கிலீஷ் வசனத்தை நிரப்புகிறார். சில மணி நேரத்தில் உலகம் சுற்றி வந்துவிடும். இந்த வேலைக்கு 'ஸ்கேன்லேஷன்' என்று பெயர். 2024 பிப்ரவரியில், வெளியீட்டு நாளுக்கு முன்பே மாங்கா பக்கங்களைப் படம்பிடித்து இணையத்தில் போட்டதாக ஜப்பான் போலீஸ் 2 பேரைக் கைது செய்தது. அப்பவும் கசிவு நின்றபாடில்லை.

"இதுல யாருக்கு என்ன நஷ்டம்? நான் எப்படியும் காசு கொடுத்து வாங்கியிருக்கப் போறதில்லையே" என்று உங்களுக்குத் தோணலாம். நியாயமான கேள்விதான். பைரசி இல்லேன்னா அனிமே ஜப்பானைத் தாண்டியே இருக்காது என்று ஒரு கோஷ்டி சொல்கிறது. பைரசிதான் படைப்பாளிகள் வயித்துல அடிக்குது என்று இன்னொரு கோஷ்டி. ரெண்டு பேர் சொல்றதிலும் பாதி பாதி உண்மை இருக்கு. எந்தப் பாதி எந்த இடத்துக்குப் பொருந்தும்னு பார்த்தாதான் கதை புரியும்.

கேசட் காலத்து ரசிகர்கள்

1977-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் 'கார்ட்டூன்/ஃபேன்டஸி ஆர்கனைசேஷன்' என்று ஒரு ரசிகர் சங்கம் தொடங்கியது. ஜப்பான் டிவியில் பதிவுசெய்த கேசட்டுகளைக் கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பார்கள். சப்டைட்டில் கிடையாது. யாராவது ஒருத்தர் எழுந்து நின்று "இப்ப இவன் என்ன சொல்றான்னா..." என்று கதை சொன்னால்தான் உண்டு. 80-களின் கடைசியில் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் வந்த பிறகு, ரசிகர்களே சப்டைட்டில் போட்டுக் கேசட்டைப் பிரதி எடுத்துத் தபாலில் அனுப்ப ஆரம்பித்தார்கள். 'ஃபேன்சப்' பிறந்தது இப்படித்தான்.

அந்தக் காலத்து ஃபேன்சப் ஆட்களுக்கு ஒரு எழுதாத சட்டம் இருந்தது. கேசட் செலவுக்கும் தபால் செலவுக்கும் மேல் காசு வாங்கக் கூடாது. அந்தத் தொடரை ஏதாவது கம்பெனி முறைப்படி உரிமை வாங்கிவிட்டால், பிரதி எடுப்பதை நிறுத்திவிட வேண்டும். எல்லாரும் கடைப்பிடிச்சாங்கன்னு சொல்ல முடியாது. ஆனா, மீறினா சக ரசிகர்களே திட்டுவாங்க.

முறைப்படி உரிமை வாங்கிய கம்பெனிகளும் சும்மா இல்லை. 2004-ல் அமெரிக்காவில் '4கிட்ஸ்' நிறுவனம் 'ஒன் பீஸ்' தொடரை டப் செய்து ஒளிபரப்பியபோது, சஞ்சியின் வாயிலிருந்த சிகரெட்டை லாலிபாப்பாக மாற்றியது. பல எபிசோடுகளை வெட்டித் தள்ளியது. காசு கொடுத்தால் வெட்டுப்பட்ட சரக்கு, திருட்டுத்தனமாகப் பார்த்தால் ஒரிஜினல் என்றால் ரசிகன் எந்தப் பக்கம் போவான்? பைரசி வளர்ந்ததில் உரிமையாளர்களின் பங்கும் கணிசமானது.

இப்போ நீங்க சந்தா கட்டுற க்ரஞ்சிரோலின் பூர்வீகமும் இதே தெருதான். 2006-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்த சிலர் ஆரம்பித்த அந்தத் தளத்தில், ரசிகர்கள் பதிவேற்றிய ஃபேன்சப் வீடியோக்கள்தான் ஓடின. அனுமதியெல்லாம் கிடையாது. 2008-ல் 'வென்ராக்' என்ற முதலீட்டு நிறுவனம் அதில் சுமார் 40 லட்சம் டாலர் போட்டபோது, முறைப்படி உரிமை வாங்கித் தொழில் செய்துகொண்டிருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். 2009 ஜனவரியில் அனுமதி இல்லாத வீடியோக்களையெல்லாம் நீக்கிவிட்டு, டிவி டோக்கியோவுடன் ஒப்பந்தம் போட்டு 'நருட்டோ ஷிப்புடென்' தொடரை ஜப்பானில் ஒளிபரப்பான சூட்டோடு வெளியிட ஆரம்பித்தது க்ரஞ்சிரோல். 2021-ல் சோனியின் ஃபனிமேஷன் அதை 117.5 கோடி டாலருக்கு வாங்கியது.

அங்கே வேலை செஞ்சது வேகம்தான். ஜப்பானில் வந்த அன்றே, சப்டைட்டிலோடு, கையில் கிடைக்குது என்றதும் ஃபேன்சப் குழுக்களில் பலதுக்கு வேலையே இல்லாமல் போனது. போலீஸும் கோர்ட்டும் அதற்கு முன் பல வருஷம் செய்ய முடியாத காரியம் இது. ஆனா, இந்த சந்தோஷக் கதையை வெச்சு மட்டும் "பைரசி நல்லது" என்று முடிவுக்கு வந்துடாதீங்க. அடுத்த கதை ஜப்பானுக்கு உள்ளேயே நடந்தது.

மாங்காமுரா

'எங்க ஊர்ல கிடைக்கல, அதான் பைரசி' என்பது வெளிநாட்டு ரசிகர்களின் வழக்கமான பதில். ஜப்பானில் அந்தப் பதிலுக்கு இடமே இல்லை. எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் மாங்கா கிடைக்கும். அப்படியிருந்தும், 2016-ல் ஆரம்பித்த 'மாங்காமுரா' என்ற தளம் இரண்டே வருஷத்தில் அந்த நாட்டின் பதிப்புத் துறையையே ஆட்டிவைத்தது. பேரைத் தட்டினால் போதும், புத்தகம் போன் திரையில் திறக்கும். டவுன்லோடு கிடையாது, லாகின் கிடையாது, காசு கிடையாது. 

2017 செப்டம்பரிலிருந்து 2018 பிப்ரவரி வரை, ஆறே மாதத்தில் சுமார் 32,000 கோடி யென் மதிப்புள்ள மாங்கா அதில் ஓசியில் படிக்கப்பட்டதாக ஜப்பானின் காப்புரிமைப் பாதுகாப்பு அமைப்பான 'கோடா' மதிப்பிட்டது. இந்த மாதிரிக் கணக்குகளைக் கொஞ்சம் உப்பு போட்டுத்தான் சாப்பிடணும். ஓசியில் படிச்ச ஒவ்வொருத்தரும் கடையில் போய் காசு கொடுத்து வாங்கியிருப்பாங்கன்னு வெச்சுக்கிட்டு போடுற பெருக்கல் அது. அந்த அளவுக்கு நஷ்டம் நிச்சயமா இல்ல. ஆனா, நஷ்டமே இல்லைனும் சொல்ல முடியாது.

ஜப்பான் அரசு 2018 ஏப்ரலில், மாங்காமுரா உட்பட 3 தளங்களை முடக்கும்படி இணைய சேவை நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. உடனே அடுத்த சண்டை. தகவல் தொடர்பின் ரகசியத்தை அந்நாட்டு அரசியல் சாசனமே பாதுகாக்கிறது. யார் எந்த சைட்டுக்குப் போகிறார்கள் என்று கம்பெனி எட்டிப் பார்த்து மறிப்பது சரியா என்று வழக்கறிஞர்கள் கேள்வி எழுப்பினார்கள். இதற்குள் தளமே மூடப்பட்டுவிட்டது. அதை நடத்தியவர் 2019-ல் பிலிப்பைன்ஸில் பிடிபட்டு ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார். 2021-ல் ஃபுகுவோகா நீதிமன்றம் 3 ஆண்டு சிறை விதித்தது. 2024-ல் டோக்கியோ நீதிமன்றம், கடோகவா, ஷுஏஷா, ஷோகாகுகன் ஆகிய 3 பதிப்பகங்களுக்கு சுமார் 170 கோடி யென் இழப்பீடு தரச் சொன்னது. வெறும் 17 தலைப்புகளுக்கான வழக்கு அது.

மாங்காமுரா போனதும் பைரசி போச்சா? அதுதான் இல்லை. கொரோனா காலத்தில் வீட்டுக்குள் அடைபட்ட ஜனங்களுக்குப் புதுப்புது தளங்கள் முளைத்தன. 2021-ல் ஓசியில் படிக்கப்பட்ட மாங்காவின் மதிப்பு 1 லட்சம் கோடி யென்னைத் தாண்டியதாகப் பதிப்பகங்களின் கூட்டமைப்பான 'ஏபிஜே' கணக்கிட்டது. அதே வருஷம் முறையான விற்பனை 67,590 கோடி யென்தான். அதாவது, கடையில் விற்றதை விடத் திருட்டுத்தனமாகப் படித்தது அதிகம். பெரிய தளங்கள் சில மூடப்பட்ட பிறகு, 2022-ல் இந்த மதிப்பீடு பாதியாகக் குறைந்தது.

இங்கே ஒரு விநோதத்தையும் கவனிங்க. பைரசி உச்சத்தில் இருந்த அதே காலத்தில்தான் ஜப்பானின் மாங்கா விற்பனை சாதனை படைத்தது. 2020-ல், 1995-ன் பழைய உச்சத்தை முறியடித்து 61,260 கோடி யென். 2024-ல் 70,430 கோடி யென். 'டீமன் ஸ்லேயர்' அலை, ஊரடங்கு, செல்போன் மாங்கா ஆப்கள் மூன்றும் சேர்ந்து செய்த வேலை இது. "பைரசி இருந்தும் வளர்ந்துச்சே" என்று இதை வைத்து வாதாடலாம். "பைரசி இல்லேன்னா இன்னும் எவ்வளவு வளர்ந்திருக்கும்" என்று எதிர்க்கேள்வியும் கேட்கலாம். மொத்தத் தொகையை மட்டும் வெச்சுக்கிட்டு இந்த சண்டையை முடிக்க முடியாது.

ஓடுற கதைக்கு அடி, முடிஞ்ச கதைக்கு விளம்பரம்

இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தவர் கெயோ பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் தட்சுவோ தனகா. ஜப்பானியப் பதிப்பகங்கள் திருட்டுப் பிரதிகளைப் பெரிய அளவில் நீக்கிய சமயத்தில், நீக்குவதற்கு முன்னும் பின்னும் காமிக்ஸ் தொகுதிகளின் விற்பனை எப்படி மாறியது என்று ஒப்பிட்டுப் பார்த்தார். கிடைத்த பதில் ரெண்டு கோஷ்டியையும் நெளிய வைத்தது. இன்னும் வந்துகொண்டிருக்கும் தொடர்களின் விற்பனையைப் பைரசி குறைக்கிறது. ஏற்கெனவே முடிந்துபோன தொடர்களின் விற்பனையை அதே பைரசி கூட்டுகிறது!

யோசிச்சுப் பார்த்தா இதில் ஆச்சர்யம் இல்லை. பத்து வருஷம் முன்னாடி முடிஞ்ச ஒரு தொடருக்கு யாரும் விளம்பரம் செய்யப் போவதில்லை. எங்கேயோ ஓசியில் தடுக்கி விழுந்து படித்தவர் பிடித்துப்போய் செட்டாக வாங்குகிறார். ஓடிக்கொண்டிருக்கும் தொடர் அப்படியில்லை. இந்த வாரம் என்ன ஆச்சு என்பதுதான் அதன் சரக்கே. அதை வியாழக்கிழமையே தெரிந்துகொண்டவருக்கு, திங்கட்கிழமை வாங்கக் காரணம் குறைகிறது.

இதில் அதிகமாக அடி வாங்குவது 'ஒன் பீஸ்' இல்லை. 50 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற தொடர் அது, தாங்கிக்கொள்ளும். ஷோனென் ஜம்ப்பில் புதுசாக ஆரம்பிக்கும் கதைகளின் நிலைமையைப் பாருங்க. வாசகர்கள் அனுப்பும் கருத்துக்கணிப்பும் முதல் தொகுதிகளின் விற்பனையும் சரியில்லை என்றால், சில மாதங்களிலேயே கதையை முடிக்கச் சொல்லிவிடுவார்கள். நீங்களும் உங்க ஃப்ரெண்ட்ஸும் டெலிகிராமில் படித்து, "செம கதை மச்சி" என்று கொண்டாடிய ஒரு புது மாங்கா திடீரென்று அவசர அவசரமாக முடிஞ்சு போயிருக்கா? உங்க கொண்டாட்டம் அந்த எடிட்டரின் மேசைக்குப் போய்ச் சேரவே இல்லை. ஸ்கேன்லேஷன் தளத்தில் எத்தனை லட்சம் பேர் படித்தாலும் அந்தக் கதாசிரியரின் கணக்கில் அது பூஜ்ஜியம்தான்.

காசு கொடுத்தா வரைஞ்சவருக்குப் போகுமா?

"நான் சந்தா கட்டினா மட்டும் அந்த அனிமேட்டருக்கா போகுது?" இதுவும் அடிக்கடி கேட்கிற கேள்வி. நேர்மையான பதில்: நேரடியாகப் போகாது.

பெரும்பாலான அனிமே தொடர்களை 'தயாரிப்புக் குழு' என்ற ஏற்பாட்டில்தான் எடுக்கிறார்கள். மாங்கா பதிப்பகம், டிவி சேனல், இசை நிறுவனம், பொம்மைக் கம்பெனி, விளம்பர நிறுவனம் என்று பலர் சேர்ந்து பணம் போடுவார்கள். லாபமும் போட்டவர்களுக்குத்தான். படத்தை வரையும் ஸ்டுடியோ பல சமயம் கான்ட்ராக்டர் மாதிரி. பேசிய கூலியை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். வீடு கட்டின மேஸ்திரிக்கு வாடகையில் பங்கு வருமா? அதே கதை. இரண்டு முக்கியக் காட்சிகளுக்கு நடுவே அசைவை நிரப்பும் ஓவியங்களை வரைகிற ஜூனியர்களுக்கு ஒரு படத்துக்கு 200 யென் சுற்றித்தான் கிடைத்துவந்தது. நம்ம காசுக்கு நூறு ரூபாய் சொச்சம்.

இன்னொரு பக்கம், 2023-ல் ஜப்பான் அனிமே துறையின் மொத்தச் சந்தை சுமார் 3.35 லட்சம் கோடி யென். அதில் பாதிக்கும் மேல், சுமார் 1.72 லட்சம் கோடி, வெளிநாடுகளிலிருந்து வந்தது. இவ்வளவு பணம் புரளும் துறையில் வரைகிறவர் கைக்கு வருவது இவ்வளவுதான் என்றால், அந்தத் தப்பை பைரசி தலையில் கட்ட முடியாது. அது துறைக்குள்ளேயே சரிசெய்ய வேண்டிய பங்கீட்டுப் பிரச்னை. 'செயின்சா மேன்' தொடரை 2022-ல் எடுத்தபோது 'மாப்பா' ஸ்டுடியோ குழு முறையை விட்டுவிட்டு முழுப் பணத்தையும் தானே போட்டது இதனால்தான். லாபமோ நஷ்டமோ தன்னோடது.

ஆனா ஒண்ணு. இரண்டாவது சீசன் எடுக்கலாமா வேண்டாமா என்று தயாரிப்புக் குழு உட்கார்ந்து பேசும்போது மேசையில் இருப்பது ஓடிடி பார்வைகள், டிஸ்க் விற்பனை, பொம்மை விற்பனை. அங்கே நீங்க பைரசியில் பார்த்த 24 எபிசோடுகளுக்கு இடம் கிடையாது. அனிமேட்டருக்கு நியாயமான கூலி வேணும்னு பேசுறவங்களுக்கும் அந்த மேசையில் வருமானம் தெரிந்தால்தான் கேட்க முகம் இருக்கும். "அனிமேட்டருக்குத்தான் போகலையே" என்பதைப் பைரசிக்குச் சாக்காகச் சொல்வது எனக்கு உறுத்துவது இந்த இடத்தில்தான்.

சரி, பைரசி தளத்தின் வருமானம் யாருக்கு? கேசட் காலத்து ரசிகர் தர்மம் இங்கே கிடையாது. 'ப்ளே' பட்டனைத் தொட்டால் சூதாட்ட ஆப் விளம்பரம், மூடப்போனால் இன்னொன்று, "உங்க போனில் வைரஸ்" என்று பொய் அலாரம், பேர் தெரியாத ஏபிகே டவுன்லோடு. உங்க ஒவ்வொரு தட்டலும் யாருக்கோ காசு. 'கிஸ்அனிமே' 2020-ல் மூடப்பட்டது, '9அனிமே'வாக இருந்து பெயர் மாறிய 'அனிவேவ்' 2024-ல். இப்படி ஒரு பிரபல தளம் மூடியதும் அதே பேரில் போலித் தளங்கள் வரும். பழைய பாஸ்வேர்டை அங்கே போட்டு மாட்டிக்காதீங்க. விளம்பரமே இல்லாமல் நன்கொடையில் ஓடும் 'மாங்காடெக்ஸ்' போன்ற விதிவிலக்கும் உண்டு. ஆனால் அங்கேயும் 2025 மே மாதம் பதிப்பகங்களின் புகாரால் 700-க்கும் மேற்பட்ட தொடர்களின் அத்தியாயங்கள் நீக்கப்பட்டன. வருஷக்கணக்கில் சேர்த்த வாசிப்புப் பட்டியல் ஒரே நாளில் காலியானது.

நம்ம ஊரில்...

2019-ல் மகோடோ ஷின்காயின் 'வெதரிங் வித் யூ' படத்தை இந்தியாவில் வெளியிடச் சொல்லி 50,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் ஆன்லைனில் கையெழுத்துப் போட்டார்கள். படம் வந்தது, ஷின்காயே இந்தியாவுக்கு வந்து ரசிகர்களைச் சந்தித்தார். அந்த 50,000 பேரில் எத்தனை பேர் அவருடைய பழைய படங்களை லீகலாகப் பார்த்திருப்பார்கள் என்று கேட்டால், நமக்கே சிரிப்பு வரும். பைரசி ரசிகர்களை உருவாக்கும் என்பதற்கு நம்ம நாடே சாட்சி. அந்த ரசிகர்களை டிக்கெட் எடுக்க வைத்தது தியேட்டரில் படம் கிடைத்ததுதான்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகம். 2022-ல் சோனி யாய் சேனல் 'நருட்டோ'வைத் தமிழிலும் கொண்டுவந்தது. அதே வருஷம் க்ரஞ்சிரோல் இந்தியச் சந்தாவை மாசம் 79 ரூபாய்க்கு இறக்கியது. 'ஜுஜுட்சு கைசென்', 'சோலோ லெவலிங்' எல்லாம் தமிழ் பேசின. 2025 செப்டம்பர் 12-ல் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' ஜப்பானிய மொழியோடு தமிழ் டப்பிங்கிலும் தியேட்டருக்கு வந்தது. பத்து வருஷம் முன்னாடி இதைச் சொல்லியிருந்தா யாரும் நம்பியிருக்க மாட்டாங்க. தமிழ் டப் வேணும்னு கேட்டவங்க, வந்த பிறகும் டெலிகிராமிலேயே பார்த்தால், அடுத்த தொடருக்குத் தமிழ் தேவையா என்று கம்பெனி கணக்குப் போடும். இந்தி மட்டும் போதும் என்று முடிவெடுக்க ரொம்ப நேரம் ஆகாது.

மாங்கா பக்கம் இன்னும் அந்த வெளிச்சம் வரல. ஷுஏஷாவின் 'மாங்கா ப்ளஸ்' ஆப் 2019 முதல் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பெரும்பாலான தொடர்களின் முதல் 3, கடைசி 3 அத்தியாயங்கள் இலவசம், ஜப்பானில் வெளியாகும் அதே நேரத்தில். இங்கிலீஷ், ஸ்பானிஷ், தாய், வியட்நாமிஸ், இந்தோனேஷியன் எல்லாம் உண்டு. தமிழும் இல்லை, இந்தியும் இல்லை. நடுவில் இருக்கும் அத்தியாயங்களையும் படிக்க விஸ் மீடியாவின் 'ஷோனென் ஜம்ப்' ஆப் இந்தியாவிலும் குறைந்த சந்தாவில் கிடைக்கிறது. அனிமேவுக்குக் காசே இல்லேன்னா யூடியூபில் 'மியூஸ் ஆசியா', 'ஆனி-ஒன் ஆசியா' சேனல்கள் முறைப்படி உரிமை வாங்கி முழு எபிசோடுகளையும் போடுகின்றன. எல்லாத் தொடரும் கிடைக்காது. சிலது வரும், உரிமைக் காலம் முடிஞ்சதும் போயிடும்.

கடைசியாக, "நான் புக்காவே வாங்குறேன், எனக்கு இந்தப் பிரச்னையே இல்ல" என்பவர்களுக்கு. ஒரு மாங்கா தொகுதி பெரும்பாலும் 400, 500 ரூபாய் விற்கும்போது, ஆன்லைனிலோ நடைபாதையிலோ 150 ரூபாய்க்குக் கிடைத்தால் உஷாராகிடுங்க. இந்தியாவில் போலி மாங்கா நிறைய புழங்குகிறது. பிரித்துப் பாருங்க: கறுப்பு மை சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், கோடுகள் மங்கலாக இருக்கும், பக்கத்தின் ஓரத்து வசனம் நடு மடிப்புக்குள் போய் மறைந்திருக்கும். அலமாரியில் வரிசையாக அடுக்கினால் முதுகில் உள்ள எழுத்தும் லோகோவும் ஒன்றுக்கொன்று நேராக நிற்காது. செட்டாக வாங்குவதாக இருந்தால் முதலில் ஒரே ஒரு தொகுதியை வாங்கிப் பாருங்க. போலி என்று தெரிந்தால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் போட்டோவோடு புகார் கொடுத்துடுங்க.